விட்டு விட்டு வரும் கோளாறும் ஒரு மாணவியின் சொல்லும்



“டீச்சர், சனிக்கிழமை முயன்றேன். பக்கம் திறக்கவே இல்லை.”

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை காலையில் என்னிடம் இப்படிச் சொன்னாள். நான் பதிந்து வைத்த வாசிப்புப் பகுதியைக் கேட்டு, அதையே தன் குரலில் வாசித்து அனுப்புவதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வீட்டுப்பாடம். உடனே என் திறன்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நொடியில் திறந்தது. “இதோ, திறக்கிறதே!” என்று வகுப்பின் முன்னிலையிலேயே அவளிடம் காட்டினேன். அவள் தலை குனிந்துகொண்டாள். இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் அதே காரணத்தைச் சொன்னாள். அம்முறை, “பொய் சொல்லிப் பழகாதே” என்றும் கூறிவிட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. கோளாறு என் வீட்டில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களில் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோர்களும் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று நான் கருதுவதையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு வழங்கி

சர்வர் என்று நாம் சொல்லும் வழங்கி ஏதோ பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. என் வீட்டு வழங்கி பத்து ஆண்டுப் பழைய மேசைக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குகிறது. மாணவர்களின் வாசிப்பு ஒலிப்பதிவுகளும் பயிற்சித்தாள்களும் கடவுச்சொல்லோடு அதில் இருக்கின்றன. பள்ளிகளில் 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019-இல் முடிவுக்கு வந்தபோது, தளம் மாறினால் நம் பாடங்களையும் வேறிடத்திற்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதை நேரில் கண்டேன். அதனால்தான் ஒரு படியை என் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஓராண்டு நன்றாகவே நடந்தது. பிறகு கோளாறு தொடங்கியது. சில நாள்களில் பக்கம் பாதி திறந்து நின்றுவிடும். சில நேரம் திறக்கவே திறக்காது. அடுத்த நாள் ஒன்றுமே நடவாததுபோல் இயங்கும்.

மழையைப் பழித்தேன், வடத்தை மாற்றினேன்

பினாங்கில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மழையும் இடியுந்தான். நானும் அதையே பழித்தேன். பிறகு கொம்தாருக்குச் சென்று புதிய வடம் வாங்கி வந்து மாற்றினேன். பத்து நாள் அமைதி. “சரியாகிவிட்டது” என்று மகிழ்ந்த வாரமே மீண்டும் வந்தது. வடங்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியை மாற்றினேன். மீண்டும் சில நாள் அமைதி, மீண்டும் கோளாறு. ஏறக்குறைய இருநூறு ரிங்கிட் செலவானது.

இவற்றுக்கிடையே, கோளாறு வரும்போதெல்லாம் திசைவியை, அதாவது ரவுட்டரை, அணைத்து மீண்டும் முடுக்குவேன். சற்று நேரம் சரியாகும். அந்தச் சற்று நேரந்தான் என்னை ஏமாற்றியது. மறுதொடக்கம் கோளாற்றைத் தீர்க்கவில்லை. கோளாறு விட்டுச் சென்ற தடயத்தை அழித்தது. ஒவ்வொரு முறையும் நானே என் சாட்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைவிடத் திறமையானவர்களும் இப்படித் திண்டாடியிருக்கிறார்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏறத்தாழ 18 மாதங்கள் இணையம் சரிவர இயங்கவில்லை. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் வடத்தின் பெரும்பகுதியை மாற்றியும் பயனில்லை. இறுதியில் மின்காந்த இரைச்சலை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் ஊரைச் சுற்றி வந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பெரும் இரைச்சல் ஒன்று எழுந்தது. ஒரு வீட்டில் நாள்தோறும் அந்நேரத்தில் முடுக்கப்பட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணம். செய்தி 2020 செப்டம்பரில் வெளிவந்தது. பதினெட்டு மாதச் சிக்கலை அவிழ்த்தது புதிய வடம் அன்று, ஏழு மணி என்ற அந்த நேரமே.

இந்த வழிமுறை புதியதும் அன்று. சென்னையிலிருந்து பினாங்கிற்குக் கடலடித் தந்தி வடம் 1870-ஆம் ஆண்டில் வந்தது. நம் மாணவர்களின் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த அதே கடலின் அடியில் அது கிடந்தது. அக்காலத் தந்திப் பொறியாளர்கள் கடலடி வடம் பழுதானால் முழு வடத்தையும் மேலே இழுத்துப் பார்க்கவில்லை. ஒரு மைல் செம்புக் கம்பிக்கு எவ்வளவு மின்தடை என்பதை முன்பே குறித்து வைத்திருந்தார்கள். கரையில் இருந்தபடியே மின்தடையை அளந்து, பழுது எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று கணக்கிட்டார்கள். அதன் பிறகே கப்பல் புறப்பட்டது. நானோ அளக்காமலேயே கப்பலை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எழுதத் தொடங்கிய பிறகு

மூன்றாவது மாதத்தில்தான் ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். வீட்டில் எந்நேரமும் இயங்கும் சிறிய ராஸ்பெரி பை கணினி ஒன்று உண்டு. நிமிடத்திற்கு ஒருமுறை அது மூன்றைச் சோதித்துப் பதிவு செய்யும்படி அமைத்தேன். திசைவி பதில் தருகிறதா? வழங்கியின் எண் பதில் தருகிறதா? வழங்கியின் பக்கம் உண்மையிலேயே திறக்கிறதா?

பதில் வருகிறதா என்று பார்க்க நாம் பயன்படுத்தும் பிங் என்னும் சிறு நிரலை மைக் மியூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். அவரும் அன்று ஒரு வலையமைப்பின் விளங்காத நடத்தையைக் கண்டு, அதன் காரணத்தை அறியவே அதை எழுதினார்.

நான்கு வாரங்கள் கழித்துப் பதிவைப் பார்த்தேன். மூன்று உண்மைகள் தெரிந்தன.

முதலாவது, கோளாறு இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வந்தது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிந்தது.

இரண்டாவது, அந்நேரங்களில் திசைவிக்கு எக்குறையும் இல்லை. வழங்கியின் எண்ணும் பதில் தந்தது. பக்கம் மட்டும் திறக்கவில்லை.

மூன்றாவது, வழக்கமாக ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக வந்த பதில், அந்நாள்களில் பல வேளை நூறு மில்லிநொடியையும் தாண்டியது.

வடத்தில் இணைந்த கணினி அவ்வளவு தாமதமாகப் பதில் சொல்லாது. அப்படியானால் பதில் சொன்னது யார்? ஒவ்வொரு கருவிக்கும் பிறப்பிலேயே ஒரு வன்பொருள் முகவரி உண்டு. கோளாறு நேரத்தில் அதைப் பார்த்தேன். என் வழங்கியின் பின்புறம் ஒட்டியிருந்த முகவரியும் பதில் தந்த கருவியின் முகவரியும் வேறு வேறு.

அது என் மகனின் திறன்பேசி!

மகன் விடுதிப் பள்ளியில் படிக்கிறான். அங்கே திறன்பேசிக்கு அனுமதி இல்லை. அது வீட்டு இழுப்பறையில் அணைந்தே கிடக்கும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வீடு வந்ததும் அதை முடுக்குவான். ஞாயிறு மாலை அணைத்து வைத்துவிட்டுப் புறப்படுவான். முன்பொரு நாள் வழங்கியின் அமைப்பை மாற்றியபோது, யாரும் பயன்படுத்தாத ஐபி எண் ஒன்றைத் தேடி, நானே கையால் அதற்குக் கொடுத்தேன். அந்த எண் அன்று காலியாகத் தெரிந்ததற்குக் காரணம், அதற்கு உரிய திறன்பேசி இழுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்ததே. அது விழித்த போதெல்லாம் திசைவி பழைய எண்ணையே அதற்கு மீண்டும் வழங்கியது. எண்ணைக் கொடுக்குமுன் வேறு யாரேனும் அதை வைத்திருக்கிறார்களா என்று சோதிக்கும் திசைவிகள் உண்டு. என்னுடையது சோதிக்கவில்லை.

ஒரே தாமானில் இரண்டு வீடுகளுக்கு ஒரே எண் இருந்தால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் இங்கே கொடுப்பார், மறுநாள் அங்கே கொடுப்பார். அதுதான் நடந்தது. திசைவியை மறுதொடக்கம் செய்தபோது வடத்தில் இருந்த வழங்கி முதலில் தன்னை அறிவித்தது. திறன்பேசி வந்து சேர்ந்ததும் குழப்பம் திரும்பியது.

திசைவியின் அமைப்பில் அந்த எண்ணை வழங்கிக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். ஐந்து நிமிட வேலை. ஒரு சென்னும் செலவில்லை.

வீட்டில் வலையமைப்பு வைத்திருப்போருக்கு

1. கோளாறு வந்தவுடன் மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று எழுதிய பிறகு செய்யுங்கள்.

2. நாளையும் நேரத்தையும் தவறாமல் குறியுங்கள். நேரமே பாதி விடை. சமையல் நேரத்தில் மட்டும் கம்பியில்லா இணைப்பு தடுமாறினால் மைக்ரோவேவ் அடுப்பைப் பாருங்கள். பழைய திசைவிகளின் அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்சிலேயே அதுவும் இயங்குகிறது. யாரேனும் கதவைத் திறக்கும்போதோ நாற்காலியை நகர்த்தும்போதோ அறுந்தால் வடத்தின் முனையைப் பாருங்கள். அங்குள்ள சிறு நெகிழி நாக்கு உடைந்திருக்கலாம்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வரும் கோளாறு பத்து நாள் வராதிருந்தால், அது தீர்ந்தது என்று பொருளாகாது. நான் ஏமாந்தது இங்கேதான்.

4. வீட்டில் யார் வந்தார்கள், எந்தக் கருவி முடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

நம்ப மறுப்பதன் விலை

இனி நான் உண்மையில் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

அம்மாணவியின் தாயார் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை ஒன்றில் முறைமாற்று வேலை செய்கிறார். மகளோடு உட்கார அவருக்குக் கிடைப்பது சனிக்கிழமை மட்டுமே. மற்றப் பிள்ளைகள் வாரநாளிலேயே முடித்துவிடுவார்கள். “மற்ற எல்லாருக்கும் திறக்கிறது, உனக்கு மட்டும் எப்படித் திறக்காமல் போகும்?” என்பதே அவளுக்கு எதிராக என்னிடம் இருந்த வலுவான வாதம். அது முற்றிலும் தவறான வாதம். கோளாறு எல்லார் மேலும் சமமாக விழவில்லை. வேறு நேரமே இல்லாத ஒரு வீட்டின்மேல்தான் விழுந்தது.

நாட்டளவிலும் இதைக் கண்டோம். 2020 ஜூன் மாதத்தில் சபாவின் பித்தாஸ் வட்டாரத்து மாணவி ஒருவர் தேர்வு எழுத இணையம் வேண்டி மரத்தின்மேல் இரவைக் கழித்த காணொளி நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் மேலவையில் ஒரு துணையமைச்சர், அவருக்குத் தேர்வே இல்லை என்று பேசினார். அவர் தேர்வு எழுதியதை மலேசிய சபா பல்கலைக்கழகம் உறுதி செய்தது. துணையமைச்சர் மன்னிப்புக் கேட்டார். தம் கையில் இணைப்பு இருப்பவருக்கு, இணைப்பில்லாதவர் சொல்வது கதையாகத் தோன்றுவது எத்துணை எளிது!

எல்லாப் பிள்ளைகளும் எப்போதும் உண்மையே பேசுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஆனால் விட்டு விட்டு வரும் கோளாற்றின் இயல்பே, நாம் பார்க்கும்போது அது இல்லாதிருப்பதுதான். “இப்போது எனக்குத் திறக்கிறது” என்பது சனிக்கிழமை அவளுக்குத் திறந்தது என்பதற்குச் சான்றாகாது. எனவே, “உண்மையாகவா?” என்று கேட்பதை விட்டு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்போம். முதல் கேள்வி குழந்தையைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாம் கேள்வி அவளைச் சாட்சியாக்குகிறது. பொய் சொல்லும் பிள்ளையும் அக்கேள்வியில் அகப்படும். உண்மை சொல்லும் பிள்ளையோ நமக்கு ஒரு தடயத்தைத் தந்துவிட்டுப் போகும். முதல் திங்களன்றே நான் அதைக் கேட்டு எழுதி வைத்திருந்தால், மூன்று மாதமும் இருநூறு ரிங்கிட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு பிள்ளையும் வகுப்பின் முன்னால் தலை குனிந்திருக்க மாட்டாள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இணைப்புக் கிடைக்கவில்லை என்றால் வெட்கப்படாமல், நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். திரையில் தோன்றும் பிழைச் செய்தியைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பினால் இன்னும் நன்று.

கோளாற்றைக் கண்டுபிடித்த மறுநாள், எந்த வகுப்பின் முன் அவளைக் கடிந்தேனோ அதே வகுப்பின் முன் நின்று, “தவறு என் வீட்டில் இருந்தது. நீ சொன்னது உண்மை” என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவில்லை, டீச்சர்” என்றாள்.

என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை
ஜார்ஜ் டவுன், பினாங்கு