பிக்கப் வண்டிக்கு டயர் வாங்கும்போது எடையைக் கேளுங்கள்

கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் விளையும் நெல்லும் மணிலாவும் பூவும் ஊரைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் பிக்கப் வண்டிகளில்தான். லாரி நுழைய முடியாத வண்டிப்பாதையில் களம்வரை போய் மூட்டை ஏற்றி, கிருஷ்ணகிரி - திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, ஒரு பக்கம் திருவண்ணாமலைக்கும் மறுபக்கம் செஞ்சிக்கும் ஓடுகிற பொலேரோ பிக்கப்பும் தோஸ்த்தும் குட்டி யானையும் இல்லையென்றால் இந்தப் பக்கத்து விவசாயத்தில் பாதி வேலை நின்றுவிடும். இப்படி ஓடும் வண்டியில் பட்டன் தேய்ந்து டயர் மொட்டையானதும் புது டயர் போடக் கடைக்கு வருகிறவர் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். என்ன விலை? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பட்டன் ஆழமாக இருக்கிறதா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: இந்த டயர் எத்தனை கிலோ தாங்கும்? சுமை வண்டிக்கான டயரை எடையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையும் பிராண்டும் பட்டனும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

அந்தக் கேள்விக்கான பதில் டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகி இருக்கிறது. 215/75 ஆர் 15 என்றோ 7.00 ஆர் 15 எல்டி என்றோ அளவு எழுதியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே இரண்டு அல்லது மூன்று இலக்க எண்ணும், அதை ஒட்டி ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் லோடு இண்டெக்ஸ். 100 என்றால் அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120 கிலோ. இரண்டு எண்கள் சாய்கோடு போட்டு இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. நம் பிக்கப்புகளில் பின்பக்கமும் ஒற்றைச் சக்கரம்தான் என்பதால் முதல் எண்ணைப் பார்த்தால் போதும். பக்கத்தில் உள்ள எழுத்து வேக வரம்பு. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், என் என்றால் 140. இந்த ஊர்ச் சாலையில் சுமையோடு போகிறவருக்கு அந்த எழுத்தால் பெரிய சங்கடம் வராது. சங்கடம் எல்லாம் எண்ணில்தான்.

ஒரு நடையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெறும் வண்டி 1,500 கிலோ, அனுமதித்த சுமை 1,500 கிலோ, ஆக மொத்தம் மூன்று டன் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ நெல் மூட்டையில் 20 மூட்டை ஏற்றினால் வண்டி அந்த வரம்பைத் தொட்டுவிடும். மூன்று டன்னில் ஏறக்குறைய இரண்டு டன் பின் அச்சில் இறங்கும். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 1,000 கிலோ. அதாவது லோடு இண்டெக்ஸ் 108 இருந்தால்தான் சட்டப்படியான சுமையையே டயர் தாங்கும். அறுவடை நேரத்தில் யாரும் 20 மூட்டையோடு நிறுத்துவதில்லை. முப்பது மூட்டை ஏற்றினால் கூடுதல் 750 கிலோவில் பெரும்பகுதி பின் அச்சின் தலையில்தான் விழும். அப்போது ஒவ்வொரு பின் டயரும் 1,300 கிலோவைத் தாண்டிச் சுமக்கிறது. இதே வண்டியில் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று அகலமான 235/75 ஆர் 15 கார் டயரை மாட்டினால் என்ன ஆகும்? அந்த அளவில் பரவலாகக் கிடைக்கும் டயரின் எண் 105, தாங்குவது 925 கிலோ. கார் வகை டயரைச் சுமை வண்டியில் போட்டால் அதன் திறனை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படி வகுத்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 840 கிலோ. அகலமான டயர் அதிகம் தாங்கும் என்று கண் சொல்கிறது. எண் வேறு சொல்கிறது.

உண்மையில் சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்திருக்கும் காற்று. காற்று குறைந்தாலும் சுமை கூடினாலும் நடப்பது ஒன்றுதான். டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது, அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது, சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. கத்திரி வெயிலில் தார்ச்சாலையே கொதிக்கும்போது இது இன்னும் விரைவாக நடக்கும். வெடிப்பது ஒரு நொடியில்தான் என்றாலும் அதற்கான சேதம் பல நடைகளாக உள்ளே சேர்ந்துகொண்டே வந்திருக்கும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் அந்த டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே கழன்று வண்டிகள் கவிழ்ந்தன. 271 மரணங்களை அமெரிக்க அரசு அவற்றோடு தொடர்புபடுத்திப் பதிவு செய்தது. டயரில் தயாரிப்புக் குறை இருந்தது. ஆனால் வெப்பமான தென் மாநிலங்களில் விபத்துகள் அதிகமாக நடந்ததும், ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 என்ற குறைந்த அளவில் இருந்ததும் அந்த விவகாரத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. வெயில், சுமை, குறைந்த காற்று மூன்றும் ஒன்றுகூடினால் பெரிய நிறுவனத்தின் டயரும் தப்பாது. பஞ்சர் கடையில் மீட்டர் வைக்காமல் கையால் தட்டிப் பார்த்துக் காற்று அடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

வாடகையே கட்டுப்படியாகாதபோது விலை கூடிய டயருக்கு எங்கே போவது என்ற கேள்வி நிச்சயம் வரும். கடன் தவணையில் வண்டி ஓட்டுகிறவரின் கஷ்டம் பொய்யில்லை. ஆனாலும் கணக்கைக் கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டயர் 8,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு ஆகும் செலவு கிலோமீட்டருக்கு 20 பைசா, நான்குக்கும் சேர்த்து 80 பைசா. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு டீசல் செலவு மட்டும் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல். டயருக்கு 2,000 ரூபாய் குறைத்து வாங்கினால் நான்கு டயருக்கும் சேர்த்து மிச்சமாவது கிலோமீட்டருக்கு 20 பைசா. தாங்காத டயர் சீக்கிரம் தேய்ந்தாலோ நடுவழியில் ஒருமுறை வெடித்து, சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற நேர்ந்தாலோ அந்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவைக் கையில் வாங்கிக்கொள்வதைவிட, ஒரு படி கூடுதல் எண் உள்ள டயருக்குத் திருப்பிவிடுவது நல்ல வியாபாரம்.

அப்படியானால் 12 பிளை டயரைப் போட்டு, ஸ்பிரிங் பட்டையும் ஒன்று கூட ஏற்றிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வாதம்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் பாதி உண்மை. கூடுதல் பிளை உள்ள டயர் கூடுதல் காற்றை ஏற்கும், அதனால் கூடுதல் எடையைத் தாங்கும். ஆனால் அந்தக் காற்றை அதே ரிம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிரேக், அச்சு, பேரிங் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. மூன்று டன்னை நிறுத்தச் செய்த பிரேக் நான்கு டன்னை அதே தூரத்தில் நிறுத்தாது. சட்டமும் டயரைப் பார்த்துச் சலுகை தராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அதிக சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். நான்கு டயரில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரே சோதனைச் சாவடி விழுங்கிவிடும்.

தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரெட் விஷயத்தில் மட்டும் ஒரேயடியாக மறுக்க முடியாது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சொந்தமாகவே ரீட்ரெட் பிரிவுகளை வைத்திருக்கின்றன. லாரித் தொழிலில் அது அன்றாட நடைமுறை. ஆனால் கழகத்துக்குத் தன் டயர் ஒவ்வொன்றின் பிறப்பும் வளர்ப்பும் தெரியும்: எந்தப் பேருந்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது கழற்றியது என்பதெல்லாம் பதிவில் இருக்கும். செகண்ட்ஸ் கடையில் கிடைக்கும் பிக்கப் டயருக்கு அப்படி எந்தச் சரித்திரமும் இல்லை. எத்தனை முறை ஓவர்லோடில் வெந்தது என்று மேலே ஒட்டிய புதுப் பட்டனைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சொந்த வண்டியில் ஓடிய, அடி தெரிந்த டயரை நல்ல பட்டறையில் ரீட்ரெட் செய்து பின்னால் போடுவது வேறு. ஊர் பேர் தெரியாத டயரை வாங்கி முன்னால் மாட்டுவது வேறு. பின்னதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

வயதைப் பற்றியும் ஒரு சொல். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு நாள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கவும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடவும் டயர் நிறுவனங்களே சொல்கின்றன. வண்டிக்கடியில் தொங்கிக்கொண்டே கிழடாகும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

இத்தனையையும் ஓட்டுநர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. மூட்டையின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் முடிவு செய்வது சரக்குக்காரரும் வண்டி உரிமையாளரும். டயர் வெடிக்கும்போது ஸ்டீயரிங் பிடித்திருப்பது ஓட்டுநர். மத்திய மோட்டார் வாகன விதி 94 பட்டன் ஆழத்துக்கு 1.6 மில்லிமீட்டர் என்று குறைந்த அளவு வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. சரக்கு வண்டிகள் முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு வந்தாக வேண்டும். அங்கே பட்டன் ஆழத்தைப் பார்க்கிற கண்ணுக்கு அதே டயரில் இருக்கும் லோடு இண்டெக்ஸையும் படித்து, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் அதை வழக்கமாக்க வேண்டும். டயர் கடைக்காரர்கள் பில்லில் அளவோடு லோடு இண்டெக்ஸையும் தயாரிப்பு வாரத்தையும் எழுதித் தர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. எழுதித் தராத கடையில், பணம் கொடுப்பதற்கு முன்பு வண்டிக்காரரே டயரைத் திருப்பிப் போட்டு அந்த எண்களைப் படித்துவிட்டு வாங்கட்டும்.