கார்ப் பந்தயம்: 'ஹராம்' என்ற ஒற்றைச் சொல் போதுமா?



நான்காண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் வந்தமர்ந்தார். "ஹஜ்ரத், சொந்தக் காரில் பந்தயம் ஓடலாமா? ரோட்டில் இல்லை, அதற்கென்றே தளம் இருக்கிறதாம்" என்று கேட்டார். கேள்வியின் பின்பாதி நம் செவியில் ஏறவில்லை. பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதுமே, "அதெல்லாம் ஹராம் தம்பி, படிப்பைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம். அவர் அதன்பின் நம்மிடம் எதையும் கேட்கவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து ஒரு பின்னிரவில் புறவழிச்சாலையில் இரண்டு கார்கள் போட்டியிட்டு ஓடின. அவற்றுள் ஒன்று ஓரத்தில் நின்ற லாரியின் பின்புறத்தில் மோதியது. ஓட்டியவர் நம் மாணவர், பிழைத்துக்கொண்டார். அருகில் அமர்ந்திருந்த நண்பருக்கு நாமே ஜனாஸாத் தொழுகை நடத்தினோம். அவருக்கு 19 வயது.

நம் பதிலால்தான் அம்மரணம் நேர்ந்தது என்று சொல்ல மாட்டோம். ஆயுளை நிர்ணயித்தவன் அல்லாஹ். சாலையில் பந்தயம் ஓடிய குற்றம் ஓடியவர்களுடையது. ஆனால், கேட்கப்பட்டது இன்னதென்று அறியாமலே ஒரு மார்க்கத் தீர்ப்பை வீசிவிட்டு எழுந்து போனோம் என்பது உண்மை. அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடந்த ஆண்டு மஹல்லாவின் இன்னொரு வாலிபர் அதே கேள்வியோடு வந்தார். இம்முறை அவருடைய அத்தாவும் உடன் வந்திருந்தார். "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடன் அண்டை மாநிலத்திலுள்ள ஒரு பழைய விமான ஓடுபாதைக்குச் சென்றும் வந்தோம். மதரஸா ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. எதுவென்று தெரியாத ஒன்றுக்குச் சட்டம் சொல்வது அதைவிடப் பெரிய பிழை என்பதே நம் பதில்.

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத நேர்கோட்டு ஓட்டம். கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். நடுவிலுள்ள கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் இறங்கி வந்து பச்சை எரிந்ததும் புறப்பட வேண்டும். முந்திப் புறப்பட்டால் சிவப்பு விளக்கு. அந்த ஓட்டம் அத்தோடு தோல்வி. வீட்டுக்கு வாங்கிய சாதாரணக் கார் இத்தூரத்தைக் கடக்கப் பதினேழு, பதினெட்டு வினாடிகள் ஆகும். நம் வாலிபர் விடியற்காலை முதல் வரிசையில் நின்று, அன்று முழுவதும் ஓடியது மூன்று முறை. கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட இல்லை. இதற்கா இவ்வளவு என்று நமக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தோம். அவர் சிரித்தார்.

ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் சோதித்தார்கள். எண்ணெய்க் கசிவு உண்டா, பேட்டரி இறுகக் கட்டப்பட்டுள்ளதா, டயர் தேய்ந்துள்ளதா என்று பார்த்தார்கள். இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்த தண்ணீர்ப் புட்டியைக்கூட வெளியே எடுக்கச் சொன்னார்கள். அது உருண்டு வந்து பிரேக் மிதிக்குக் கீழே சிக்கக்கூடுமாம். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் இன்றி யாரையும் கோட்டருகே விடவில்லை. ஆம்புலன்ஸ் நின்றது, தீயணைப்போர் நின்றனர். நம் ஊர்ப் புறவழிச்சாலையில் அந்த இரவில் இவற்றுள் எதுவும் இருக்கவில்லை.

இவ்விளையாட்டின் வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாலிபர்கள் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்த பந்தயத்தை, 1950-இல் சாண்டா ஆனா விமானத் தளத்தின் ஓடுபாதைக்குக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார். பிள்ளைகளைத் தெருவிலிருந்து தளத்துக்குக் கொண்டுவந்து விதிகளுக்குள் நிறுத்துவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற தேர்ந்த வீரர் தகுதிச் சுற்றில் உயிரிழந்தபோது, அதே சங்கம் மிக வேகமான பிரிவுகளின் தூரத்தைக் கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைத்துவிட்டது. ஓர் உயிர் போனதும் தங்கள் மரபுத் தூரத்தையே அவர்கள் வெட்டிக்கொண்டார்கள். நாமோ ஜனாஸாவுக்குப் பிறகும் ஜும்ஆ மேடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி மார்க்கத்துக்கு வருவோம். நாம் முஃப்தி அல்லோம். படித்ததைப் பகிர்கிறோம், அவ்வளவே. நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மெலிய வைத்துப் பயிற்றிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பயிற்றப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல். தகுதியறிந்து தூரத்தைப் பிரித்த அந்நீதியைக் கவனியுங்கள். இப்னு உமர் அன்று ஓர் இளைஞர், அவரும் ஓடினார். அவருடைய குதிரை அவரோடு பள்ளிவாசலையே தாண்டிச் சென்றதாக முஸ்லிம் நூலின் அறிவிப்பு சொல்கிறது. இளமையின் வேகத்தை நபியவர்கள் பாவமாகக் கருதவில்லை. அதற்கு எல்லைக்கோடு போட்டுக் கொடுத்தார்கள்.

ஆகவே ஓட்டம் என்பதாலேயே அது ஹராம் ஆகிவிடாது. பரிசுதான் சிக்கலான இடம். ஒட்டகம், அம்பு, குதிரை ஆகிய மூன்றைத் தவிர வேறெதிலும் போட்டிப் பரிசு இல்லை என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. காரை அவற்றோடு ஒப்பிடலாமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஓடுபவர் ஒவ்வொருவரும் பணம் போட்டு, வென்றவர் மொத்தத்தையும் அள்ளிச் செல்வது சூதாட்டம்; இது நம்மைப் போன்ற ஆசிரியர்களும் தயங்காமல் சொல்லக்கூடியது. ஆகவே அமைப்பாளர்களிடம் நேரடியாகவே கேட்டோம். கட்டணம் தளத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் நேரமளக்கும் கருவிக்கும் போகிறது, வென்றவருக்குக் கேடயம் மட்டுமே என்றார்கள். அது தெளிவாக இருந்தது. தெளிவற்றது வேலிக்கு இப்பால் இருந்தது. பார்வையாளர் கூட்டத்தில் நான்கைந்து பேர் எந்தக் கார் முந்தும் என்று ஐந்நூறும் ஆயிரமுமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் தொப்பி அணிந்தவரும் இருந்தார். காரை ஓட்டியவர் சூதாடவில்லை, நின்று பார்த்தவர் ஆடினார்! ஓட்டுபவரை மட்டும் கண்டிக்கும் நம் வழக்கத்தை அங்கேதான் எண்ணிப் பார்த்தோம்.

அமெரிக்காவில் சாதாரணக் கார்க்காரர்கள் ஓடும் ஒரு முறையைப் பற்றி அந்த வாலிபர் சொன்னார். ஓடுமுன் தம் வண்டி எத்தனை வினாடியில் கடக்கும் என்பதை ஒவ்வொருவரும் கண்ணாடியில் எழுதி அறிவிக்க வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வேறுபாட்டின் அளவு முன்புறப்பாடு தரப்படும். அறிவித்ததைவிட விரைவாக ஓடிவிட்டால் தோல்வி. தன் ஆற்றலைக் குறைத்துச் சொல்பவன் அதனாலேயே தோற்கும்படி விதி அமைத்திருக்கிறார்கள். ஆயினும் கடைசி மீட்டர்களில் பிரேக்கைத் தொட்டு ஏய்ப்பவர்கள் அங்கும் இருக்கிறார்களாம். எடைக்கல்லைப் பற்றி நாம் பாடம் நடத்தும்போது இனி இந்த உதாரணத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

நாம் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 'சொந்தக் கார்' என்கிறார்களே, அது யாருடைய சொந்தம்? நம் வீடுகளில் பெரும்பாலும் அது அத்தாவின் பெயரில் இருக்கிறது. அல்லது வளைகுடாவில் உழைக்கும் அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கியது. வேலைக்குப் போய்வரக் கொடுத்த வண்டி ஓர் அமானிதம். இரவல் பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஆனால் உரியவர் அனுமதித்த பயன்பாட்டை மீறியவர் ஈடு கொடுக்கவேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கிளட்ச் எரிந்தால், கியர்ப்பெட்டி உடைந்தால், அது உங்கள் கடன். நம் நாட்டு வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்: பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். நாம் சொல்லும் வரை அந்த வாலிபரும் அதைப் படித்ததில்லை. அவருடைய அத்தாவும் படித்ததில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுச் சாலையில் அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பந்தயம் ஓடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறை செல்ல நேரிடும். 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "நம்ம பையன் நல்லா ஓட்டுவான் ஹஜ்ரத்" என்று பெருமை பேசும் தந்தையரை நாம் வாரந்தோறும் காண்கிறோம். சாலையில் ஓடுவது ஹராம் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. அங்கே பந்தயத்துக்கு இசையாத மனிதர்களும் நடக்கிறார்கள். அவர்களுடைய உயிரைப் பணயம் வைக்க நமக்கு யார் உரிமை தந்தது?

தளத்தில் ஓடுவதை ஊக்குவிக்கிறோமா என்று கேட்டால், இல்லை. டயருக்கும் பெட்ரோலுக்கும் அந்த வீடு செலவிட்ட தொகையை எண்ணும்போது வீண்விரயம் என்ற சொல் நம் நாவில் வந்து நிற்கிறது. அன்று லுஹரை அந்த ஓடுபாதை ஓரத்தில் துண்டு விரித்து மூவரும் தொழுதோம். அஸர் வேளையில் வரிசை நகர்ந்துவிடும் என்று அவர் தயங்கினார், நாம் விடவில்லை. அவ்விடைவெளியில் ஐந்து கார்கள் முந்திக்கொண்டன. ஆனால் கேட்டு வருகிற பிள்ளையிடம் முழுக் கேள்வியையும் கேட்டு, தளத்தையும் சாலையையும் பிரித்துச் சொல்லி, பணத்தையும் அனுமதியையும் விசாரிக்கிறோம். இந்த அளவேனும் நம்மால் செய்ய இயலும்.

அவர் தம் பிரிவில் ஆறாவதாக வந்தார். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டாமல் ஓட்டினார். நாம் பக்கத்தில் இருந்ததால் இருக்கலாம். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கவேண்டிய நாள் நெருங்குகிறது. அத்தா இன்னும் இசைவு சொல்லவில்லை. நம்மைக் கேட்டார், வண்டி உங்களுடையது, பிள்ளையும் உங்களுடையவர், வீட்டில் அவருடைய அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.