ஓடு ஏந்தி வந்த தோழர்

காஞ்சி ஏகாம்பரநாதர் சன்னிதியில் சுந்தரமூர்த்தி நாயனார் இடக்கண் பெற்ற வரலாற்றை அறியாதவர் இலர். அதற்கு முன்பே ஒருமுறை அவர் காஞ்சிக்கு வந்தார். அப்போது வழியில் ஒரு நண்பகலில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

திருக்கழுக்குன்றத்தில் வழிபட்ட சுந்தரர், அடியார்கள் சூழத் திருக்கச்சூரை அடைந்தார். ஆலக்கோயிலில் இறைவனைப் பணிந்து வெளியே வந்தபோது உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அமுது சமைத்து அளிக்கும் பரிசனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. நடந்த களைப்பு, கடும்பசி. வேறு வழியின்றிக் கோயிலின் அருகிலேயே அமர்ந்துவிட்டார். யாத்திரை சென்ற எவருக்கும் இத்தகைய பொழுது வாய்த்திருக்கும். செய்வதற்கு ஒன்றுமில்லை, நேரமும் நகர்வதில்லை.

அவ்வேளையில் கையில் ஓடு ஏந்திய அந்தணர் ஒருவர் எதிரே வந்து நின்றார். முன்பின் அறியாதவர். சுந்தரரின் வாடிய முகத்தைக் கண்டு, மிகவும் பசித்திருக்கிறீர்கள் போலும், சோறு இரந்து கொணர்கிறேன், அதுவரை இவ்விடம் விட்டு அகலாதீர்கள் என்று சொல்லிப் புறப்பட்டார். திருமாலும் தேடிக் காணாத திருவடிகள் அன்று கச்சூர்த் தெருவின் சுடுமண்ணில் நடந்தன. வீடு வீடாகச் சென்று, சோறும் கறியும் வாங்கி வந்து சுந்தரர் முன் வைத்தார் அந்த அந்தணர். சுந்தரர் உடனிருந்த அடியார்களோடு உண்டு பசி தீர்ந்தார். பின்னர்ப் பார்த்தால் அந்தணரைக் காணவில்லை. அப்போதுதான் வந்தவர் யாரெனப் புலப்பட்டது.

இதே தோழர் முதன்முதலில் எதிர்ப்பட்ட விதம் வேறு. திருமணப் பந்தலில் முதியவராய் நுழைந்து, நீ என் அடிமை என்று ஓலையை நீட்டி வழக்குத் தொடுத்தவர் அவர். சுந்தரர் கிழித்தெறிந்தது படி ஓலை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலை வெளிவந்தது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே சபையோர் தீர்ப்பளித்தனர். எந்த வங்கியும் குறை காண முடியாத நடைமுறை! அன்று ஆவணத்தைக் காட்டித் தம் உரிமையை நிலைநாட்டியவர், கச்சூரில் தம் பெயரையும் சொல்லவில்லை; உண்டு முடித்தவரின் நன்றிக்காகவும் நிற்கவில்லை.

அன்று சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 41ஆவதாக உள்ளது. அதில் பசி தீர்ந்த மகிழ்ச்சியைக் காட்டிலும், தோழர் வெயிலில் அலைந்தாரே என்ற வருத்தமே மேலோங்கி நிற்கிறது. உண்ட சோற்றைவிட அதற்காக நடந்த கால்களே அவர் நெஞ்சில் தங்கின போலும். இரந்தீஸ்வரர், விருந்திட்டீஸ்வரர் என்னும் இறைவன் திருப்பெயர்கள் அவ்வூரில் இன்றும் அந்நிகழ்வை நினைவூட்டுகின்றன.

அங்கிருந்து அவர் காஞ்சி வந்து தொழுதார். மீண்டும் காஞ்சிக்கு வந்தபோது நிலைமை மாறியிருந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குத் தந்த வாக்கைக் கடந்ததால் இரு கண்களையும் இழந்து, வெண்பாக்கத்தில் இறைவன் அருளிய ஊன்றுகோலைப் பற்றியபடி ஏகம்பத்தை அடைந்தார். கச்சூரில் கேளாமலே ஊரெல்லாம் இரந்து சோறிட்ட தோழர், இங்கே மனமுருகிப் பாடிய பிறகும் ஒரு கண்ணையே தந்தார். மற்றொன்றுக்குச் சுந்தரர் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது.

காஞ்சி அன்பர்கள் செங்கற்பட்டு சென்று, அங்கிருந்து ரயிலில் சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினால் திருக்கச்சூர் அருகிலேயே உள்ளது. உச்சிக்காலத்திற்குப் பின் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. மதிய உணவைக் கையோடு கொண்டுசெல்லலாம், சற்றுக் கூடுதலாகவே.