பாற்பல்லும் பல்தான்

யாழ்ப்பாணத்துத் தமிழர் வீட்டில் குழந்தைக்கு முதல் பல் அரும்பினால் அதைச் சும்மா விடுவதில்லை. பயறும் சர்க்கரையும் உள்ளே வைத்து, தேங்காய்ச் சொட்டைப் பல்வரிசைபோல விளிம்பில் குத்தி, கொழுக்கட்டை அவிக்கிறார்கள். பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேல் துணி பிடித்து, கொழுக்கட்டையைச் சொரிகிறார்கள். லண்டனிலும் இந்தச் சடங்கு தொடர்கிறது. சிலர் மண்டபம் எடுத்து, படம் பிடிக்க ஆளையும் அமர்த்திக் கொண்டாடுகிறார்கள். அழகான வழக்கம். ஆனால் அத்தனை பேர் கூடி வரவேற்ற பல்லை மறுநாள் யார் துலக்குவது என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இல்லை.

பதிலுக்குப் பதிலாக ஒரு வாசகம் இருக்கிறது. “பாற்பல்லுத்தானே பிள்ளை, விழுந்து முளைக்கப்போகுது. ஏன் சின்னனை அழவிடுறாய்?” அம்மம்மாவோ அப்பம்மாவோ வாஞ்சையோடு சொல்வது இது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டிகளும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; தாங்கள் கேட்டு வளர்ந்ததைக் கடத்துகிறார்கள். ஆயினும் இந்த நம்பிக்கை பிழையானது. அதன் விலையைக் கொடுப்பது இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். பாற்பற்கள் இருபது. முதல் பல் பெரும்பாலும் ஆறு மாத அளவில் வரும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுகின்றன என்பது உண்மை. எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பாற்பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்தாக வேண்டியவை. இரண்டு வயதில் வந்த பல் எட்டு, ஒன்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும். அவற்றின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது என்பதால் சொத்தை விரைவாக நரம்புவரை இறங்கிவிடும். அந்தப் பல்லை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் வெற்றிடத்துக்குள் சரிகின்றன. அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழி அடைபடுகிறது.

இன்னொன்றையும் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதற்குமான பல். சொத்தைக் கிருமிகள் நிறைந்த வாய்க்குள், துலக்கும் பழக்கமே இல்லாத பிள்ளையிடம், அது வந்து சேர்கிறது.

இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பற்களை அரசு காலமுறையில் பரிசோதித்துக் கணக்கெடுக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 22.4 சதவீதத்தினருக்குச் சொத்தை இருந்தது. 2022 கணக்கெடுப்பில், லண்டனில் தமிழரும் வாழும் வெம்பிளியை உள்ளடக்கிய பிரெண்ட் நகராட்சியின் அளவு 46 சதவீதம். அதாவது முதலாம் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர். பிரெண்டில் பல இனத்தவரும் வாழ்கிறார்கள், வறுமைக்கும் இதில் பெரும் பங்குண்டு. எல்லாவற்றையும் தமிழர் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஆசியப் பின்னணியுள்ள பிள்ளைகளிடம் சொத்தை நாட்டுச் சராசரியைவிடத் தெளிவாகவே அதிகம் என்பதையும் அதே கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. “பள்ளிக்கூடம் போய் இனிப்புப் பழகியதால் வந்தது” என்று சொல்லவும் வழியில்லை. 2020இல் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோதே பத்தில் ஒருவருக்குமேல் சொத்தை இருந்தது. சொத்தை இருந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக மூன்று பற்கள் கெட்டிருந்தன. மூன்று வயதுப் பிள்ளை கடைக்குத் தனியே போய் எதையும் வாங்கியிருக்காது.

அப்படிக் கெட்ட பல் தானாக விழும்வரை அமைதியாக இருக்குமா? இருக்காது. சீழ் பிடிக்கும், கன்னம் வீங்கும், பிள்ளை இரவெல்லாம் அழும், சாப்பிட மறுக்கும். பேசத் தெரியாத வயதில் பல்வலி என்று சொல்லவும் தெரியாது. ‘சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிறான்’ என்ற பெயர்தான் மிஞ்சும். பிரித்தானியாவில் முழு மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவதைச் சாதாரணப் பல் மருத்துவ நிலையங்களில் 2001 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே பல பற்கள் கெட்ட சிறு பிள்ளையை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு அழைத்துப் போய், அறுவை அரங்கின் வாசலில் கையை விட வேண்டும். 2023-24 நிதியாண்டில் 19 வயதுவரையுள்ளோருக்கு இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நடந்த பல் பிடுங்கல்கள் 49,000க்கு மேல். அவற்றில் 30,000க்கு மேற்பட்டவை சொத்தையால். ஐந்து முதல் ஒன்பது வயதுவரையுள்ள பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணமும் சொத்தைப் பல்தான். ஆஸ்துமாவோ எலும்பு முறிவோ அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

“ஊரில எங்களுக்கு ஆர் பிரஷ் பிடிச்சவை? எங்கட பல்லுக்கு என்ன நடந்தது?” என்ற வாதம் அடுத்து வரும். அந்த ஊரில் பிள்ளை நாளுக்கு எத்தனை முறை சீனி தொட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். லண்டன் வீட்டில் தள்ளுவண்டியின் பையில் ஒரு ஜூஸ் பெட்டி, கோவிலில் பிரசாதம், பிறந்தநாள் வீட்டில் கேக், அழுகையை நிறுத்த ஒரு பிஸ்கட், படுக்கையில் சீனி போட்ட பால் போத்தல். சீனி வாய்க்குள் போகும் ஒவ்வொரு முறையும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. எத்தனை கரண்டி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லை அதிகம் தாக்குகிறது. இரவில் உமிழ்நீர் குறைந்துவிடும். அப்போது போத்தலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கும் பிள்ளையின் மேல்முன்பற்கள் முதலில் கெடுகின்றன. கீழ்முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு காக்கும். இந்த அமைப்பைப் பார்த்தே காரணம் போத்தல் என்று பல் மருத்துவர் சொல்லிவிடுவார். ஆறு மாதத்திலிருந்து கோப்பை பழக்கி, ஒரு வயதோடு போத்தலை நிறுத்தச் சொல்கிறது பிரித்தானியப் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். தூங்கப் போகும் பிள்ளைக்குத் தாகமென்றால் தண்ணீர் போதும்.

இன்னும் பிடிவாதமான அச்சம் புளோரைடு பற்றியது. “விழுங்கிவிட்டால்?” என்று பயந்து, புளோரைடே இல்லாத மூலிகைப் பற்பசையை வாங்குகிறார்கள், வேறு சிலர் உப்பையும் உமிக்கரியையும் நாடுகிறார்கள். இந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது. தமிழ்நாட்டின் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலிருக்கும் மிகையான புளோரைடு தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது அதனால்தான். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைத் தாண்டிய தண்ணீரை அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில், நாள் முழுக்கக் குடித்தார்கள். லண்டன் குழாய்நீரில் புளோரைடு சேர்ப்பதே இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பரிந்துரைக்கப்படுவது பிரஷ்ஷில் இழுகிய மெல்லிய பூச்சு, ஓர் அரிசியளவு. 1000 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) புளோரைடு உள்ள பற்பசையில் அந்த அளவுக்குள் இருக்கும் புளோரைடு சுமார் 0.1 மில்லிகிராம். முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். தர்மபுரிக் கிணற்றை நினைத்து அதைத் தவிர்ப்பது, பல்லுக்கு இருக்கும் வலுவான கவசத்தைத் தூக்கி எறிவது.

கடையில் நிற்கும்போது பெட்டியின் முன்பக்கத்துக் கார்ட்டூன் படத்தை நம்பக்கூடாது. பின்பக்கத்தில் பி.பி.எம் எண் இருக்கும். அது 1000க்குக் குறையக் கூடாது. பெரியவர்கள் பாவிக்கும் பற்பசையையே அளவு பார்த்துக் கொடுக்கலாம், தனியாகச் ‘சிறுவர் பற்பசை’ தேவையில்லை. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணியளவு. முதல் பல் ஈறைக் கிழித்த நாளிலிருந்து நாளுக்கு இருமுறை. அதில் ஒன்று தூங்கப் போகுமுன், அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. துப்பிய பின் தண்ணீரால் கொப்புளிக்கக் கூடாது, புளோரைடு கழுவப்பட்டுப் போகும். இந்தக் கடைசி விதி தமிழர் வீட்டுப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. மூன்று தடவை கொப்புளித்தால்தான் வாய் சுத்தம் என்று பழகியவர்கள் நாம்.

அழுகை? அழும். இரண்டு வயதுப் பிள்ளை தலை வாரினாலும் அழும், நகம் வெட்டினாலும் அழும், கார் இருக்கையில் கட்டினாலும் அழும். கார் இருக்கையில் எந்த லண்டன் பெற்றோரும் பிள்ளையின் அழுகைக்கு இணங்குவதில்லை. பிள்ளையை மடியில், முதுகு தம் நெஞ்சில் சாய இருத்தி, தலையைக் கையால் தாங்கி, பின்னாலிருந்து துலக்குவது எளிது. முன்னால் நின்று போராடுவதுதான் கடினம். மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் பார்க்கவும் அந்த நிலை உதவும். அங்கே சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் அடையாளம். அந்தக் கட்டத்தில் புளோரைடால் அதைத் திருப்ப முடியும். பழுப்புக் குழியாகிவிட்டால் முடியாது. ‘தானே துலக்குகிறாள்’ என்று நான்கு வயதில் விட்டுவிடுவதும் ஆபத்து. ஏழு வயதுவரையாவது பெரியவர் துலக்க வேண்டும், அல்லது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இது தமிழரின் தனிக் குறை என்று எண்ணவும் வேண்டாம். 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தோரில் 37 சதவீதத்தினருக்கு ஒரு சொந்தப் பல்கூட இல்லை. பல் போவது வாழ்வின் இயல்பு என்று அந்த மக்களும் நம்பினார்கள். எழுபதுகளில் புளோரைடு பற்பசை வீடுதோறும் புகுந்தது, நம்பிக்கை மாறியது, பற்கள் தப்பின. பிள்ளைகளின் பற்களைக் காப்பதில் ஸ்கொட்லாந்து இங்கிலாந்தை முந்தியது: ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தில் நர்சரிகளிலேயே பிள்ளைகள் கூடித் துலக்குகிறார்கள். அங்கே தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாத பிள்ளைகள் 2003இல் 45 சதவீதம். 2022இல் 73 சதவீதம். இங்கிலாந்து அரசு 2025 மார்ச்சில்தான் மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள, வறிய பகுதிப் பிள்ளைகளுக்கு இதே போன்ற திட்டத்துக்கு 1.1 கோடி பவுண்டு ஒதுக்கியது. இருபது ஆண்டு தாமதம். அதற்கு அரசுகள் பதில் சொல்ல வேண்டும். என்.எச்.எஸ் பல் மருத்துவரிடம் இடம் கிடைக்காத அவலத்துக்கும் அவையே பொறுப்பு.

அதற்காக வீடு காத்திருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு என்.எச்.எஸ் பல் சிகிச்சை இலவசம். குழந்தை பெற்ற தாய்க்கும் ஓராண்டுக்கு இலவசம், இருவரையும் ஒன்றாகவே பதியலாம். முதல் பல் வந்ததும், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், பிள்ளையைக் காட்டச் சொல்கிறது சிறுவர் பல் மருத்துவர் சங்கம். லண்டனில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. தம்பி தங்கைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பெற்றோரும் பேரன்மாரை அழைத்துவரும் அம்மம்மாக்களும் அங்கே மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்நகரில் தமிழ்ப் பல் மருத்துவர்களுக்கும் குறைவில்லை. ஒரு சனிக்கிழமை அரைமணி நேரம், ஒரு பொம்மைத் தாடையும் அரிசியளவு பற்பசையும் கொண்டு, அந்த அம்மம்மாக்களின் மொழியிலேயே அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் ஒரு மருத்துவரை அழைக்கலாம். அடுத்த தவணைக்கு நாள்காட்டி அச்சிடும்போதே அந்தத் தேதியையும் போட்டுவிடட்டும்.