சாந்துப் பலகை சுமக்கும் தலைகள்

சேலத்தையடுத்த ஒரு கல்லூரியில் பட்டமளிப்பு விழா. இளம்பிள்ளையைச் சேர்ந்த நெசவுக்குடிப் பெண்ணொருத்தி, தன் தந்தை தறியில் நெய்த சேலையின் கரையை இருவிரல் அகலத்துக்கு வெட்டித் தன் தொப்பியின் விளிம்பில் தைத்து வந்திருந்தாள். "ஒழுங்கு கெடுகிறது, பிய்த்தெறி" என்றார் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிய்த்தாள். தந்தை அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பள்ளியில் அவளுக்குத் தமிழ் கற்பித்தவன் என்னும் உரிமையில் நானும் அங்கிருந்தேன். வாய் திறவாமல் இருந்தேன். அந்த நாணமே இதை எழுதச் செய்கிறது.

எவருடைய ஒழுங்கு கெட்டது, தமிழன்பர்களே? இடைக்கால ஐரோப்பாவில், குளிர் மிகுந்த கல்மண்டபங்களில் கற்ற கிறித்தவத் துறவியர் போர்த்திய நெடும்போர்வை அது. 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தை அமைத்த வெள்ளையனோடு இங்கு வந்தது. அந்தத் தட்டைத் தொப்பிக்கு ஆங்கிலேயரே இட்ட பெயர் 'சாந்துப் பலகை'; கொத்தனார் சாந்து ஏந்தும் பலகையைப் போன்றிருப்பதால்! சேலத்து வெயிலில், பணங்கட்டி இரவல் வாங்கிய போர்வைக்குள் நம் பிள்ளைகள் வெந்து வியர்க்க, தலைமேல் அந்தப் பலகை. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்து நிற்பவன் யவனன். பாசறையில் பணிசெய்ய வந்த அயலான். இன்றோ தமிழனே தன் வீட்டில் அயலானாக நிற்கிறான்.

அமெரிக்காவைப் பாருங்கள். மெக்சிகோவிலிருந்தும் தென்னாடுகளிலிருந்தும் குடியேறியவர்களின் பிள்ளைகள், அதே தொப்பியின் தட்டில் தாய்நாட்டுக் கொடியை வரைகிறார்கள்; வயலிலும் அடுக்களையிலும் உழைத்த பெற்றோருக்கு இசுபானிய மொழியில் நன்றி எழுதுகிறார்கள். 2023இல் கொலராடோ மாநிலத்துப் பள்ளியொன்று, மெக்சிகோக் கொடியும் அமெரிக்கக் கொடியும் கொண்ட தோள்துண்டை ஒரு மாணவிக்கு மறுத்தது. அவள் வழக்குமன்றம் ஏறினாள். மன்றம் பள்ளியின் பக்கமே நின்றது. ஆனால் அதே ஆண்டில் அதே மாநிலம், தொல்குடி மாணவர் தம் மரபு அணிகளோடு பட்டம் பெறலாம் எனச் சட்டம் இயற்றியது. கலிபோர்னியா அதை 2018இலேயே செய்துவிட்டது. சிறுபான்மையராய் வாழ்வோர் கழுகிறகுக்கும் கைத்துண்டுக்கும் மன்றம் ஏறுகிறார்கள். சொந்த மண்ணில் பெரும்பான்மையராகிய நாம் ஒரு சேலைக்கரையைப் பிய்க்கிறோம்!

நம்மை ஆளவந்தோர்க்கும் இது தெரியாததன்று. 2010இல் போபாலில், நடுவண் அமைச்சராயிருந்த செயராம் இரமேசு, விழாமேடையிலேயே அந்த அங்கியைக் கழற்றினார். 2019இல் பல்கலைக்கழக மானியக்குழு கைத்தறி உடையைப் பரிந்துரைத்தது. 2024 ஆகத்துத் திங்களில் நடுவண் நல்வாழ்வுத்துறை தன் மருத்துவ நிறுவனங்களுக்கு, அவ்வம் மாநில மரபையொட்டி உடை அமைக்குமாறு எழுதியது. மாநில மரபு என்றது நன்றே. ஆயினும் தமிழன் எதை உடுத்துவது என்பதற்குத் தில்லியின் மடலுக்குக் காத்திருப்பதா? இன்று உடைக்கு மடல் எழுதும் கை நாளை எந்த மொழிக்கு எழுதும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

இனி நம் பெரியார் பல்கலைக்கழகம். 1997இல் எழுந்தது; சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு உரியது. 2023 சூன் 28 அன்று ஆளுநர் ஆர்.என். இரவி பங்கேற்ற பட்டமளிப்பு விழாவுக்குக் கருப்பு உடை அணிந்து வரக்கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தது. காவல்துறையின் அறிவுரை என்று கரணியம் கூறப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. பெரியார் பெயர் தாங்கிய இடத்திலேயே கருப்புக்குத் தடை! உடை வெறுந்துணியே என்போர் இதற்கு விடை சொல்லட்டும். வெறுந்துணிக்கா ஆட்சியாளர் அஞ்சுவர்?

'ஏழை பணக்காரன் வேற்றுமையை அங்கி மறைக்கிறதே' என்பர் சிலர். வெள்ளை வேட்டி மறைக்காதா? 'பெண்களைச் சேலைக்குள் கட்டுகிறீரா' என்று கேட்பர். இல்லை, அவரவர் விரும்பியதை உடுத்தட்டும், அனைவர் தோளிலும் ஒரே துண்டு போதும். அதை நெய்ய இம்மண்ணில் ஆளில்லையா? புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இருக்கிறது. இராசிபுரத்திலும் இளம்பிள்ளையிலும் தறிகள் ஓடுகின்றன. ஆண்டுதோறும் பட்டம் பெறுவோர்க்கெல்லாம் ஒரு துண்டு என்றால் எத்தனை குடும்பத்து அடுப்பெரியும்! அது அவர்களுக்கே உரியதாய் வீட்டில் இருக்கும். மாலையில் திருப்பித் தரவேண்டியதில்லை.

பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் தமிழ் கற்பித்த மண் இது; பெருஞ்சித்திரனார் அவரிடம் பயின்ற மண். ஆகவே பெரியார் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவைக் கேட்கிறோம்: அடுத்த விழாவில் அங்கியும் தொப்பியும் வேண்டா. நம் தறியில் நெய்த துண்டைத் தோளில் இடுங்கள். உறுதிமொழியைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். அதுவரை, மாணவச் செல்வங்களே, தொப்பியின் விளிம்பில் உங்கள் வீட்டுச் சேலைக்கரையைத் தைத்து வாருங்கள். பிய்க்கச் சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். இம்முறை நானும் உடன் வந்து கேட்பேன்.