மொய்க் கணக்கா ஆய்வு?

மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் ஒருவர் இத்தாலியில் பேராசிரியராகத் தகுதி பெற வேண்டுமானால், கட்டுரைகள், மேற்கோள்கள், இவ்விரண்டையும் சேர்த்து அளக்கும் எச்-குறியீடு என்ற மூன்றில் இரண்டிலாவது அரசு வகுத்த வரம்பைத் தாண்டியாக வேண்டும். 2010 பல்கலைக்கழகச் சட்டத்தின் வழி வந்த முறை இது. பலன்? 2019இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வு அதைக் காட்டியது: சட்டத்துக்குப் பிறகு இத்தாலிய ஆய்வாளர்கள் தங்களையும் சக நாட்டவரையும் மேற்கோள் காட்டுவது, ஒப்பிட்ட மற்ற நாடுகளைவிட வேகமாகக் கூடியிருக்கிறது. மொய்க்கு மொய்!

நம் ஊர்க் கதை வேறு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சில பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். ஃபை, சை என்ற இரண்டே கோணங்களைக் கொண்டு, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி முடியாது என்று வரைந்து காட்டினார்கள். இன்றும் புதிய புரத அமைப்புகளை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டாமலே பயன்படுத்துவோர் ஏராளம். அந்தப் பயன் எந்தக் குறியீட்டிலும் ஏறாது.

தேர்வுக் குழுக்கள் எண்களை மூடிவைத்துவிட்டு, விண்ணப்பித்தவரின் சிறந்த மூன்று கட்டுரைகளைப் படிக்கட்டும். படிக்க நேரமில்லாதவருக்குக் குழுவில் என்ன வேலை?