இலை கக்கும் அங்கிள்... யார் பாஸ் நீங்க?

போன செமஸ்டர்ல ஒரு செம பல்பு வாங்கினேன். கல்சுரல்ஸ்ல எனக்குக் கிடைச்ச தலைப்பு, 'கிரீன் மேன்'. இங்கிலாந்தின் பழைய சர்ச்சுகளுக்குள் அண்ணாந்து பார்த்தா, தூண் உச்சியிலோ கூரையிலோ ஒரு மூஞ்சி முறைக்கும். வாயிலேர்ந்து இலையும் கொடியுமா கொட்டும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் சாப்பலில் மட்டுமே இப்படி நூற்றுக்கும் மேல!

"இவர் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வனதேவதை. சிற்பிகள் ரகசியமா சர்ச்சுக்குள்ள கொண்டுவந்துட்டாங்க"ன்னு கெத்தா முடிச்சேன். ஒரே கைதட்டல். ஜட்ஜா வந்த சார் மட்டும் கூலா கேட்டார், "தம்பி, இதை முதல்ல சொன்னது யாரு?"

பேய் முழி முழிச்சேன். பரிசு போச்சு. அப்புறம் ரோஷம் வந்து தேடினா, அடுத்தடுத்து அதிர்ச்சி.

அந்தச் சிற்பங்களுக்கு 'கிரீன் மேன்'னு பெயர் வைத்தவர் லேடி ராக்லன். வருஷம் 1939! வேல்ஸில் லாங்கும் என்கிற ஊர் சர்ச்சில் ஒரு இலை முகத்தைப் பார்த்தவர், 'ஃபோக்லோர்' இதழில் கட்டுரை எழுதினார். மே தின விழாவில் இலைக்கூட்டுக்குள் புகுந்து ஆடும் 'ஜாக் இன் தி கிரீன்', ராபின் ஹூட், இந்தச் சிற்பம்... எல்லாம் ஒரே ஆள்தான்னு முடிச்சுப் போட்டார்.

அந்த முடிச்சை 1979-ல் அவிழ்த்தவர் ராய் ஜட்ஜ். 'ஜாக்' ஆட்டத்துக்குக் கிடைக்கும் ஆதாரமே 18-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குது. ஆடினவங்க, புகைபோக்கி சுத்தம் பண்ற தொழிலாளிகள். ஆடிக் காட்டிக் காசு வசூல் பண்ணியிருக்காங்க. சிற்பங்களோ அதுக்குப் பல நூறு வருஷம் முந்தினவை. அப்புறம் எங்கே ஒட்டும்?

சரி, மூஞ்சி எங்கேர்ந்து வந்துச்சு? ரோமானியர் கட்டடங்களிலேயே இலை முகம் அலங்காரமா இருந்திருக்கு. 1978-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்ட கேத்லீன் பாஸ்ஃபோர்டு, 'இதில் பல முகங்கள் வசந்தத்தைக் கொண்டாடலை, வேதனையில் இருக்கு'ங்கிறார். கூகுளில் படம் போட்டுப் பாருங்க, நிஜமாவே சிலது மூச்சுத் திணறுற மாதிரி இருக்கும். நம்ம ஊர் கோயில் திருவாசி உச்சியில் இருக்கே கீர்த்திமுகம், அதுக்கும் இதுக்கும் சொந்தம் இருக்கலாம்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. ஆனா, செதுக்கின கைகள் ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைக்கலை.

எனக்கு ஒரே ஆறுதல், பல்பு வாங்கினது நான் மட்டும் இல்லை. 2023-ல் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழா அழைப்பிதழிலும் அங்கிள் ஆஜர். 'பிரிட்டன் நாட்டுப்புறக் கதையின் பழம்பெரும் உருவம்'னு அரண்மனையே அறிமுகம் கொடுத்துச்சு!

யோசிச்சா பாவமா இருக்கு பாஸ். ஏற்கெனவே வாய் நிறைய இலை. அதுல நமக்குப் பிடிச்ச கதையையும் சேர்த்துத் திணிச்சுட்டோம். இப்பல்லாம் 'ஐயாயிரம் வருஷப் பழசு'ன்னு யார் ஆரம்பிச்சாலும் சார் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். அதனால ஹாஸ்டல் அரட்டையில என்னைச் சேர்க்கிறதே இல்லை. நீங்களும் கேட்டுப் பாருங்களேன். எனக்குக் கம்பெனி வேணும்!